வாத்து பூட்ஸ் வாங்கலாமுங்களா?

விசாரிப்பவர் என்று நம் ஊரில் ஓர் இனம் உண்டு. வாங்குகிறவர், விற்கிறவர், வேடிக்கை பார்க்கிறவர் என்று கடைவீதியில் மூன்று வகை ஆட்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். இவர் நான்காவது வகை. கடைக்குள் நுழைவார், பொருளைக் கையில் எடுப்பார், திருப்பிப் பார்ப்பார், தட்டிப் பார்ப்பார், முகர்ந்தும் பார்ப்பார், கடைக்காரர் வரவழைத்த டீயைக் குடிப்பார், "விசாரிச்சுப்போட்டு வாரேனுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். திரும்பி வருவாரா? வருவார். மறுபடி விசாரிக்க.

இவரைக் கஞ்சர் என்று நினைத்துவிடாதீர்கள். கஞ்சருக்குக் காசு கையைவிட்டுப் போகக் கூடாது. இவருக்குக் காசு பெரிதில்லை. "ஏமாந்துபோட்டீங்களே" என்று நாலு பேர் சொல்லிவிடக் கூடாது. அந்த நாலு பேர் யார்? அவருக்கே தெரியாது. ஆனால் அவர்களுக்குப் பயந்துதான் ஒரு மிக்ஸி வாங்க எட்டு மாதம் எடுத்துக்கொள்வார். அந்த எட்டு மாதமும் அவர் மனைவி பழைய மிக்ஸியின் மூடியை இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்துக்கொண்டு சட்னி அரைப்பார். சட்னி திப்பி திப்பியாக வரும். அதனால் யாரும் சாகப்போவதில்லை. ஆனால் எல்லாப் பொருளும் மிக்ஸி இல்லை.

நான் முப்பத்தெட்டு வருடம் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்துவிட்டு, இப்போது வீடு வீடாகப் போய்ப் புண்ணுக்குக் கட்டுப் போடுகிறவள். எனக்குத் தெரிந்தது கால்கள். எனவே இந்த இனத்தை ஒரு காலை வைத்தே விளக்குகிறேன்.

துடியலூர் ஈஸ்வரமூர்த்தியின் இடது கால் அது. அவர் பம்பு மோட்டார் உதிரிபாகப் பட்டறை நடத்தியவர். அதை விற்றுவிட்டு, ஊருக்கு வடக்கே மூன்று ஏக்கரில் வாழையும் பாக்கும் வைத்திருக்கிறார். உடம்பில் சர்க்கரை பத்தொன்பது வருடமாக இருக்கிறது. வைகாசி மாதம் இடது பெருவிரலுக்கு அடியில் ஒரு கொப்புளம் புண்ணானது. ஆறு வாரம் கட்டுப் போட்டு ஆற்றினேன். டாக்டர் மூன்று வாக்கியம் சொன்னார். தோட்டத்துக்குள் வெறுங்காலோடு போகக் கூடாது. ஈரத்தில் நிற்கக் கூடாது. இன்னொரு புண் வந்தால் விரலை எடுக்க வேண்டியிருக்கும். மூன்றாவது வாக்கியம் தன்னிடம் சொல்லப்பட்டதாக ஈஸ்வரமூர்த்தி எடுத்துக்கொள்ளவில்லை.

பாதத்தில் உணர்ச்சி எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க, நைலான் இழையால் தொடுவோம். கண்ணை மூடச் சொல்லிப் பத்து இடத்தில் தொட்டேன். மூன்று இடத்தில்தான் தெரிந்தது.

"பாத்தீங்களா சிஸ்டர், மூணு தெரியுதுங்க" என்றார். மனைவி சென்னியம்மாளைத் திரும்பி வேறு பார்த்தார், பரீட்சையில் தேறியவர் மாதிரி.

மகள் வர்ஷினி பாஸ்டனில் இருக்கிறாள். அவள்தான் போனில் யோசனை சொன்னாள். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் நானும் கேட்டேன்.

"இங்க எல்லாரும் இதுதானுங்கப்பா போடறாங்க. கீழ ரப்பரு, மேல தோலு. நூறு வருசமா அதே டிசைன். தண்ணியில நின்னாலும் உள்ள போகாது. வாத்து பூட்ஸ்னுதான் பேரே. அனுப்பட்டுங்களா?"

"இரு கண்ணு. விசாரிச்சுப்போட்டுச் சொல்றேன்."

அது ஆடி இரண்டாம் தேதி.

"இதுல விசாரிக்க என்னங்க இருக்குது?" என்றேன் நான். "தண்ணி உள்ள போகக் கூடாது. வெரலு இடிக்கக் கூடாது. போடறதுக்கு முன்னால கையை உட்டுப் பாக்கோணும். பருத்தி சாக்ஸ் போடோணும். தோட்டத்த உட்டு வந்ததும் கழட்டிப்போட்டுக் காலைத் தொடைக்கோணும். அமெரிக்கா பூட்ஸா இருந்தாலும் சரி, உரக்கடை பூட்ஸா இருந்தாலும் சரி."

அவர் முகம் வாடிவிட்டது. விசாரிப்பவரிடம் விடையைச் சொல்லக் கூடாது. பந்தியில் உட்கார்ந்தவர் முன்னாலிருந்து இலையை எடுப்பது மாதிரி அது.

அன்று மாலையே விசாரணை தொடங்கியது. முதல் சாட்சி நண்பர் பாலுசாமி. ஆழ்துளைக் கிணறு போடுகிற லாரி வைத்திருப்பவர், எதைக் கேட்டாலும் பதில் வைத்திருப்பவர்.

"வாத்து பூட்ஸுங்களா?" என்றார் பாலுசாமி. "ஏனுங்க, வாத்துக்கே காலு நனையுதுங்களே!"

இது சிரிப்பதற்குச் சொன்னது. ஈஸ்வரமூர்த்தி தாளில் குறித்துக்கொண்டார்.

பிறகு வீடியோக்கள். பாஸ்டன் பக்கத்து வெள்ளைக்காரர்கள் அந்தப் பூட்ஸைப் போட்டுக்கொண்டு பனிக்கட்டியில் நடந்தார்கள், ஏரியில் நின்றார்கள், மரம் வெட்டினார்கள், கடைசியில் கத்தியால் பூட்ஸையே பாதியாக வெட்டி உள்ளே என்ன இருக்கிறது என்று காட்டினார்கள். ஒருவர் நல்லது என்றார். ஒருவர் முன்போல் இல்லை என்றார். இன்னொருவர் குளிருக்கு விறைத்துப்போகும் என்றார். ஈஸ்வரமூர்த்தி எனக்குக் கட்டளையிடுவதுபோலச் சொன்னார்: "பனிக்கட்டியில வழுக்குமாமுங்க சிஸ்டர். அத நாம யோசிக்கோணும்."

துடியலூரில் பனிக்கட்டி, ஐஸ் கம்பெனியில்தான் இருக்கிறது. யோசித்தார்.

ஆவணி பிறந்தது. டவுனில் அப்துல் குத்தூஸ் செருப்புக் கடைக்கு என்னையும் அழைத்துப் போனார். கால் சம்பந்தப்பட்டதால் நான் ஒரு சாட்சியாம். அப்துல் குத்தூஸ் பாய் முப்பது வருடமாக அந்தக் கடையில் இருக்கிறார். வாத்து பூட்ஸ் அவரிடம் இல்லை. அது இல்லாத கடையில் அதைப் பற்றி விசாரிப்பதில் ஈஸ்வரமூர்த்திக்கு ஒரு தடையும் இல்லை.

"பாய், மேல தோலு இருக்குதுங்களே, நம்ம வெயிலுக்கு வெடிக்குமுங்களா?"

"எண்ணெ போட்டு வெச்சா வெடிக்காதுங்க."

"என்ன எண்ணெங்க?"

"தேங்கா எண்ணெ போட்டாக்கூடப் போதுமுங்க."

"தேங்கா எண்ணெ வாசத்துக்கு எலி வந்து கடிக்காதுங்களா?"

பாய் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். "ஏனுங்ணா, நீங்க பூட்ஸு பாக்க வந்தீங்களா, பொண்ணுக்கு மாப்ள பாக்க வந்தீங்களா?"

"மாப்ளைக்குக்கூட இத்தன கேக்கலீங்க" என்றார் ஈஸ்வரமூர்த்தி, பெருமையாக. உண்மைதான். வர்ஷினியின் கல்யாணம் ஆர்.எஸ்.புரத்தில் ஒரு வீட்டில், இரண்டு தடவை காபி குடித்து முடிவானது. மாப்பிள்ளையை யாரும் வெட்டி உள்ளே பார்க்கவில்லை.

பிறகு அளவு. சர்க்கரைக்காரர் கால் காலையில் ஒரு அளவு, சாயங்காலம் ஒரு அளவு. இதை நான்தான் சொன்னேன். சொன்னது என் தவறு. மறுநாள் முதல் கூடத்துச் சுவரோரம் செய்தித்தாளை விரித்து, அதன்மேல் நின்று, சென்னியம்மாளைப் பென்சிலால் கால் வரையச் சொன்னார். எழுந்ததும் ஒரு கால், சாப்பிட்டதும் ஒரு கால், டிவி பார்த்து முடித்ததும் ஒரு கால். புரட்டாசிக்குள் ஒரு கூட்டம் நடந்துபோன அளவுக்குத் தடம் சேர்ந்துவிட்டது. வாங்கினால் ஒன்பதரையா, பத்தா? மேலே ஆறு அங்குல உயரமா, எட்டு அங்குலமா? தூங்கி எழுந்து இதே கேள்வி.

இதற்கிடையில் ஊரில் அவர் பெயர் பரவிவிட்டது. இதுதான் இந்த இனத்தின் விசேஷம். விசாரித்ததெல்லாம் வீண்போகாது, அடுத்தவர் வாங்கிக்கொள்வார். கோத்தகிரியில் எஸ்டேட் வைத்திருப்பவர் ஒருவர் வந்து ஆலோசனை கேட்டுப் போனார். பாலுசாமி ஆன்லைனில் ஒரு ஜோடி வரவழைத்து, போட்டுக்கொண்டே வந்து வாசலில் நின்றார்.

"சும்மா சொல்லக் கூடாதுங்க. நீங்க சொன்னது அத்தனையும் நெசம். கொளத்துல எறங்கிப் பாத்தேன், ஒரு சொட்டு உள்ள வரலீங்க."

ஈஸ்வரமூர்த்தி குனிந்து அந்தப் பூட்ஸைத் தடவிப் பார்த்தார். வாசல் கழுவிவிட்டிருந்த ஈரத்தில், வெறுங்காலோடு நின்றுகொண்டு.

புரட்டாசிக் கடைசியில் ஒரு கெடு வந்தது. வர்ஷினியின் கொழுந்தன் மிதுன் பாஸ்டனிலிருந்து ஊருக்கு வருகிறான். "பொட்டியில ரெண்டு கிலோ எடம் காலியா இருக்குதுங்க மாமா. வெள்ளிக்கெழமக்குள்ள சைஸு சொல்லிப்போடுங்க" என்றான்.

சென்னியம்மாள் பொறுமையானவர், ஆனால் வேலை தெரிந்தவர். இனி மனிதர்களிடம் கேட்டுப் பயனில்லை என்று, வியாழக்கிழமை அவரை அம்மன் கோவிலுக்குக் கூட்டிப்போய்ப் பூ கேட்டார். எங்கள் பக்கத்தில் பெண் கொடுப்பது, கிணறு வெட்டுவது எல்லாம் பூ கேட்டுத்தான். ஒரு பொட்டலத்தில் வெள்ளை அரளி, ஒரு பொட்டலத்தில் செவ்வரளி. அம்மன் காலடியில் வைத்து ஒன்றை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் செய்யலாம். சிவப்பு வந்தால் வேண்டாம். அதற்குமேல் பேச்சில்லை.

சென்னியம்மாள் எடுத்தார். பூசாரி பிரித்தார். வெள்ளை.

"வாங்கச் சொல்லிப்போட்டாங்க" என்றார் சென்னியம்மாள், போனைக் கையில் எடுத்துக்கொண்டே.

"இரு, இரு. அம்மன் வாங்கச் சொன்னா. ஆறு அங்குலமா, எட்டு அங்குலமான்னு நாம கேக்கவே இல்லியே?" ஈஸ்வரமூர்த்தி பூசாரியிடம் திரும்பினார். "இன்னொருக்கா வெக்கலாமுங்களா?"

பூசாரி திருநீற்றுத் தட்டை நீட்டினார். "அம்மன் சைஸு சொல்றதில்லீங்க."

அம்மனே முடிவு சொன்ன பிறகும் கூடுதல் விவரம் கேட்டவர் இந்த ஜில்லாவில் அவர் ஒருவராகத்தான் இருப்பார் என்று நினைத்தேன். பிறகு விசாரித்ததில், அப்படியில்லையாம். வெள்ளிக்கிழமை போனது. மிதுன் வந்தான். அந்த இரண்டு கிலோ இடத்தில் பாதாம் பருப்பு வந்தது.

ஐப்பசியில் மூன்று நாள் விடாமல் மழை. மூன்றாம் நாள் தோட்டத்தில் மோட்டார் ரூமுக்குள் தண்ணீர் ஏறுகிறது என்று செய்தி வந்தது. ஈஸ்வரமூர்த்தி வண்டியை எடுத்துக்கொண்டு போனார். வரப்போரம் வரை செருப்போடு நடந்தார். அங்கே கழற்றி வைத்தார். சேற்றில் இழுத்தால் வார் அறுந்துவிடும் என்று அவர் ஏற்கெனவே விசாரித்து வைத்திருந்தார். முழங்கால் தண்ணீரில் ஒரு மணி நேரம் நின்று மோட்டாரைக் காப்பாற்றினார். செருப்பையும் காப்பாற்றினார்.

அதற்கு நான்காம் நாள் நான் கால் பார்க்கப் போனேன். பெருவிரல் வீங்கிச் சிவந்து, அடியில் கறுப்பாக ஒரு புள்ளி. இடுக்கியால் பிடித்து இழுத்தேன். கட்டைவிரல் நகம் நீளத்துக்குக் கருவேல முள் வந்தது. பின்னாலேயே சீழும்.

"வலிக்குதுங்களா?"

"எதுங்க?" என்றார்.

நான் டாக்டருக்குப் போன் செய்தேன். சென்னியம்மாள் என் பின்னால் நின்று முள்ளைப் பார்த்தார். செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனார். ஆட்டோ வருவதற்குள், அதாவது இருபது நிமிடத்தில், கறுப்பு ரப்பர் பூட்ஸ் ஒரு ஜோடியோடு திரும்பி வந்தார்.

"உரக்கடையில ஒரே ஒரு வார்த்த கேட்டேனுங்க சிஸ்டர். தண்ணி உள்ள போகுமான்னேன். போகாதுங்கன்னான். வாங்கியாந்துட்டேன்."

ஈஸ்வரமூர்த்தி ஒரு பூட்ஸைக் கையில் எடுத்தார். திருப்பிப் பார்த்தார். தட்டிப் பார்த்தார். "பக்கத்துக் கடையில கேட்டியா?" என்றார்.

ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் மருந்து ஏற்றிப் பார்த்தார்கள். விரல் கறுத்தது. கறுப்பு பாதத்துக்கு ஏறினால் பாதமே போகும் என்று டாக்டர் கையெழுத்துக் கேட்டார். அப்போதும் ஈஸ்வரமூர்த்தி, "வேற ரெண்டு எடத்துல காட்டி விசாரிச்சுப்போட்டு..." என்று ஆரம்பித்தார். சென்னியம்மாள் பேனாவை வாங்கித் தானே கையெழுத்துப் போட்டார். பத்தாம் நாள் பெருவிரலை எடுத்துவிட்டார்கள். பாதம் தப்பியது.

அடுத்த நாள் நான் பார்க்கப் போனேன். காலைத் தலையணைமேல் உயர்த்தி வைத்துப் படுத்திருந்தார். முகம் தெளிவாகவே இருந்தது. என்னைக் கண்டதும் எழுந்து உட்காரப் பார்த்தார்.

"நல்லவேளை வந்தீங்க சிஸ்டர். ஒரு சந்தேகமுங்க. பெருவெரலு இல்லாததால இனி ஒம்பதே போதுமுங்களா? இல்ல, பத்தே வாங்கி முன்னால பஞ்சு வெச்சுக்கோணுமா?"

கேள்வியில் தவறில்லை. நியாயமான கேள்விதான். நான் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள், ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்த சென்னியம்மாள் தலை நிமிராமலே சொன்னார்.

"நல்லா வெசாரிங்க. இன்னும் ஒம்பது வெரலு இருக்குதுல்ல."

நீங்கள் அப்படிப்பட்டவர் இல்லை என்று எனக்குத் தெரியும். ஒரு மனிதருக்கு என்ன ஆனது என்று அறியும் அக்கறையில்தான் இவ்வளவு தூரம் படித்திருக்கிறீர்கள். அந்தப் பூட்ஸ் உண்மையிலேயே நல்லதா, நம் ஊர்க் காலுக்கு எந்த அளவு சரி, ஆறு அங்குலமா எட்டு அங்குலமா என்று கடைசியில் நான் சொல்லிவிடுவேன் என்ற எண்ணத்தில் இல்லை.

இல்லைதானுங்களே?