முள்ளம்பன்றி வாங்கிய பவர் சப்ளை

ஒரு காட்டில் முதலில் கரண்டு வந்தது. கரண்டைப் பிடித்துக்கொண்டு இன்டர்நெட் வந்தது. இன்டர்நெட்டைப் பிடித்துக்கொண்டு ‘கோட்டை முற்றுகை’ என்றொரு கம்ப்யூட்டர் விளையாட்டு வந்தது. அதற்குப் பிறகு அந்தக் காட்டில் யாரும் யாரையும் நேரில் துரத்துவதில்லை.

ஆடிப்பெருக்கு முடிந்து வரும் முதல் ஞாயிற்றுக்கிழமை, குளத்தங்கரை மைதானத்தில் போட்டி நடக்கும். அவரவர் கம்ப்யூட்டரை அவரவர் சுமந்து வர வேண்டும். மூன்று வருஷமாக ஜெயித்துக்கொண்டிருந்தவள் மின்னல்கொடி என்ற அணில். அவளிடம் இருந்தது அரதப் பழசான ஒரு டப்பா. ஆனால் விரல்கள் அப்படி. மூன்று வருஷமும் அவளிடம் முதல் ஆளாகத் தோற்றவன் வேலாண்டி என்ற முள்ளம்பன்றி.

தோற்றவன் பேசாமல் இருந்திருக்கலாம். தண்ணீர் குடிக்கப் போன இடத்தில் வாயைக் கொடுத்துவிட்டான்.

“என் கையில ஒரு குறையும் இல்ல. மெஷின்தான் மட்டம். இந்தத் தடவை ஒவ்வொரு பாகமா நானே பொறுக்கி எடுத்துப் புதுசா ஒண்ணு கட்டப்போறேன். இந்த வருஷமும் அந்த அணில்கிட்டத் தோத்தேன்னா, இந்த முள்ளை எல்லாம் ஒவ்வொண்ணாப் பிடுங்கிப் போட்டுட்டு உரிச்ச தேங்காய் மாதிரி உங்க முன்னாடி வந்து நிக்கிறேன்!”

மான்களும் காட்டெருமைகளும் கைதட்டின. முயல் கைதட்டவில்லை. தேதியைக் குறித்து வைத்துக்கொண்டது.

வேலாண்டியின் மனைவி பூரணிக்கு விளையாட்டில் ஆசை இல்லை, ஆனால் கணக்கில் புலி. புருஷன் வாய்விட்டதைக் கேட்டதும் தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு இரண்டு நாள் உட்கார்ந்து படித்து, ஒரு தேக்கிலையில் பட்டியல் எழுதிக் கொடுத்தாள்.

“கிராபிக்ஸ் கார்டு மட்டும் முந்நூறு வாட் இழுக்கும். பிராசஸர் நூத்தம்பது. மிச்சம் எல்லாம் சேர்ந்து ஒரு நூறு. சண்டை உச்சத்துக்குப் போனா கார்டு திடீர்னு இன்னும் எட்டி இழுக்கும். அதனால எழுநூத்தம்பது வாட்டுக்குக் குறையாம நல்ல பவர் சப்ளையா வாங்குங்க. எதுல குறைச்சாலும் அதுல குறைக்காதீங்க.”

“அது என்ன பண்ணும்?”

“கரண்டை அளந்து எல்லாத்துக்கும் பிரிச்சுக் கொடுக்கும்.”

“அதுல லைட்டு எரியுமா?”

“எரியாது.”

வேலாண்டிக்கு அந்த நிமிஷமே அதன்மேல் மரியாதை போய்விட்டது.

சேர்த்து வைத்திருந்த கிழங்கு மூட்டைகளைச் சுமந்துகொண்டு நரி பட்டாபியின் கடைக்குப் போனான். பட்டாபி எழுந்து வந்து வரவேற்றான்.

“வாங்கண்ணே! உங்க கையைப் பார்த்தாலே தெரியுது, இது ஆடுற கைன்னு.”

இதுவரை யாரும் சொல்லாத வார்த்தை அது. வேலாண்டி அங்கேயே பாதி மூட்டையை இறக்கிவிட்டான்.

பிராசஸர் எடுத்தாயிற்று. மதர்போர்டு எடுத்தாயிற்று. காட்டிலேயே பெரிய கிராபிக்ஸ் கார்டை, கைக்குழந்தையைத் தூக்குவதுபோல் இரண்டு கையாலும் தூக்கினான். அப்புறம் பட்டாபி ஒரு கண்ணாடிப் பெட்டியைக் காட்டினான். உள்ளே ஆறு விசிறி, ஒவ்வொன்றிலும் ஏழு வண்ண விளக்கு. மயிலே நின்று பார்த்துவிட்டுப் பொறாமையோடு போனதாகச் சொன்னான். பட்டியலில் அந்தப் பெட்டி இல்லை. வேலாண்டி பட்டியலை மடித்து அக்குளில் வைத்துக்கொண்டான்.

மிஞ்சியது கொஞ்சம் கிழங்கு. மிஞ்சியது பவர் சப்ளை.

“வீட்டுல நல்லதா வாங்கச் சொன்னா...” என்று இழுத்தான்.

“அண்ணே, பவர் சப்ளை எங்க உட்காரும்? அடியில, மூடிக்குள்ள. யாரு பார்க்கப்போறா? கல்யாணத்துக்குப் போறவன் சட்டைக்குச் செலவழிப்பானா, பனியனுக்குச் செலவழிப்பானா?” பட்டாபி மேசைக்கடியிலிருந்து ஒன்றை எடுத்து வைத்தான். “எண்ணூத்தம்பது வாட். உங்க வீட்டுல கேட்டதைவிட நூறு கூடுதல்!”

வேலாண்டி சந்தோஷமாக வீட்டுக்கு வந்தான்.

பூரணி அதைக் கையில் வாங்கி ஒரு ஆட்டு ஆட்டினாள். உள்ளே ‘லொடக்’ என்றது. திறந்து பார்த்தால், கனத்துக்காக ஒரு கூழாங்கல்லை வைத்திருந்தார்கள். ‘850’ என்ற ஸ்டிக்கரை நகத்தால் உரித்தாள். அடியில் ‘500’ இருந்தது. அதை உரித்தாள். ‘300’. அதையும் உரித்தாள். ஏதோ ஒரு மிக்சியின் பெயர் இருந்தது.

“திருப்பிக் கொடுத்துட்டு வாங்க.”

“விற்ற பொருள் திரும்பப் பெறப்படாதுன்னு பில்லுல போட்டிருக்கான்.”

“எல்லாம் ஒண்ணா இழுக்கிற நேரத்துல இது வெடிக்கும்ங்க!”

“போட்டி முடிஞ்சதும் மாத்திக்கலாம் பூரணி. இப்ப கொஞ்சம் அந்த ஸ்க்ரூவைப் பிடி.”

பிடித்தாள். வேலாண்டியின் முள் வயர்களுக்குள் மாட்டி, எடுத்து, மறுபடி மாட்டி, ஒருவழியாகக் கம்ப்யூட்டர் எழுந்து நின்றது. ஏழு வண்ணமும் எரிந்தது. வேலாண்டிக்குக் கண் கலங்கியது.

அன்றைக்கே பயிற்சி தொடங்கினான். சின்னச் சின்னச் சண்டைகள்தான். பவர் சப்ளை முனகியது, ஆனால் தாங்கியது. படம் வெண்ணெய்போல ஓடியது. எதிரியின் மீசைமுடி வரைக்கும் தெரிந்தது. அப்போதுதான் வேலாண்டிக்கு ஓர் உண்மையும் தெரிந்தது: முன்பு திக்கித் திக்கித் தோற்றவன் இப்போது வழுக்கிக்கொண்டு தோற்றான். குறை மெஷினில் இல்லை. இருபது நாள் ஆடியும், கற்றுக்குட்டிகளுக்காக வைத்திருந்த முதல் கோட்டையைக்கூட அவனால் பிடிக்க முடியவில்லை. முதுகில் முள் இருக்கிறதா என்று அடிக்கடி தடவிப் பார்த்துக்கொண்டான்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. மைதானம் நிறைந்தது. நடுவர் யானையம்மா பெரியநாயகி தும்பிக்கையில் விதிப் புத்தகத்தோடு உட்கார்ந்தாள். வேலாண்டியின் கண்ணாடிப் பெட்டியைப் பார்த்துக் கூட்டம் “ஆ!” என்றது. எதிரே மின்னல்கொடி தன் டப்பாவின் மூடியை ஒரு ரப்பர் பாண்டால் கட்டிக்கொண்டிருந்தாள்.

ஆட்டம் ஆரம்பித்து ஐந்து நிமிஷத்தில் வேலாண்டியின் ஒன்பது கோபுரங்களில் எட்டு விழுந்துவிட்டன. கூட்டத்தின் பக்கம் இரண்டு பேர் திரையும் திரும்பவில்லை என்பதால் யாருக்கும் தெரியவில்லை. பின்னால் நின்ற பூரணிக்கு மட்டும் தெரிந்தது. முன்வரிசையில் முயல் ஒரு குறடு கொண்டுவந்திருந்தது.

மின்னல்கொடி கடைசிப் படையை ஏவினாள். திரையில் பத்தாயிரம் வீரர்கள், பத்தாயிரம் தீப்பந்தங்கள். கிராபிக்ஸ் கார்டு எட்டி இழுத்தது. விசிறிகள் அலறின.

டொப்!

வேலாண்டியின் பெட்டியிலிருந்து கரும்புகை கிளம்பியது. அந்த வேகத்தில் மைதானத்தின் ஃப்யூஸே போய், மின்னல்கொடியின் டப்பாவும் அணைந்தது.

பெரியநாயகி இருமிக்கொண்டே புத்தகத்தைப் புரட்டினாள். “மின்கோளாறால் ஆட்டம் தடைப்பட்டால், வெற்றியும் இல்லை, தோல்வியும் இல்லை. அடுத்த வருஷம் மறுபடி ஆடணும்.”

“இன்னும் ஒரே ஒரு கோபுரம்தாங்க பாக்கி!” என்று மின்னல்கொடி கத்தினாள். காட்ட அவள் திரையில் வெளிச்சம் இல்லை.

கரி படிந்த முகத்தோடு வேலாண்டி எழுந்தான். பெருமூச்சு விட்டான். அந்தப் பெருமூச்சுதான் அவன் அன்று ஆடிய ஒரே நல்ல ஆட்டம்.

“பாவம்டா” என்றது ஒரு காட்டெருமை. “கரண்டு மட்டும் போகாம இருந்திருந்தா...”

“அவன் வேகத்தை மெஷினே தாங்கலையே!” என்றது மான்.

முயல் குறடை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டது.

சாயங்காலத்துக்குள் காடு முழுக்க அதே பேச்சு. பிராசஸர், மதர்போர்டு, அந்தக் கைக்குழந்தை கார்டு எல்லாம் கருகிப்போயிருந்தன. மானம் மட்டும் கருகவில்லை. வேலாண்டி முள்ளைச் சிலிர்த்துக்கொண்டு குளக்கரையில் இரண்டு சுற்று நடந்தான்.

“உண்மையைச் சொல்லட்டுமா?” என்றாள் பூரணி.

“உனக்கு உரிச்ச தேங்காயோட குடித்தனம் பண்ணச் சம்மதமா?”

பூரணி யோசித்தாள். கணக்குப் போட்டாள். வாயை மூடிக்கொண்டாள்.

மறுநாள் காலையில் பட்டாபியின் கடைவாசலில் வரிசை நின்றது. இதுவரை தோற்ற அத்தனை பேரும் வந்திருந்தார்கள். எல்லாரும் கேட்டது ஒன்றையே: வேலாண்டி வைத்திருந்த அதே பவர் சப்ளை. பட்டாபி சளைக்கவில்லை. புது போர்டு எழுதி மாட்டினான்: “கட்டாயம் வெடிக்கும். வெடிக்காவிட்டால் மாற்றித் தரப்படும்.”

நீதி: நல்ல பவர் சப்ளை கம்ப்யூட்டரைக் காக்கும், மட்டமான பவர் சப்ளை மானத்தைக் காக்கும். எது போனால் மறுபடி வாங்க முடியாது என்று யோசித்து வாங்கவும்.