மடிக்கொடியில் தொங்கிய மேடை

நாற்காலியில் வசதியாக உட்கார்ந்திருக்கும் ஒருவன் எப்படிக் கீழே விழுவான் என்று யாருக்காவது சந்தேகம் இருந்தால் என்னைக் கேட்கலாம். (அமெரிக்காவில் சாட்சிகள் இருக்கிறார்கள்.)

இருபது வருடமாகக் கல்யாண வரவேற்புகளில் மிமிக்ரி செய்பவன் நான். ஓர் அமெரிக்கத் தமிழ்ச் சங்கம் வெப்கேமில் அரைமணி நேர நிகழ்ச்சி கேட்டது. பிடித்தால் மாதாமாதம். அவர்களுக்குச் சனிக்கிழமை மாலை. ஸ்ரீரங்கத்தில் ஞாயிறு காலை ஆறு மணி.

எங்கள் சின்ன வீட்டில் மேடைக்குக் கூடம்தான் கதி. நாற்காலியில் இரண்டு தலையணை. கவிழ்த்த அண்டாமேல் லேப்டாப். ஃபேன் சத்தம் மைக்கில் கேட்கும் என்று அதை நிறுத்திவிட்டு, புழுக்கத்துக்குக் கால் இரண்டும் தண்ணீர் பேசினில். மேலே பட்டு ஜிப்பா, கீழே துண்டு. முதுகுக்குப் பின்னால், உயரத்தில் தொங்கும் மூங்கில் கொடியில் நீலப் போர்வை.

"ஏன்னா, அது அம்மாவோட மடிக்கொடி. காலம்பற குளிச்சுட்டு வந்து, யார் கையும் படாத மடிப் புடவையை அதுலேர்ந்துதான் எடுப்பா," என்றாள் மனைவி.

"அரை மணிதானேடி."

"அதை அவகிட்ட சொல்லுங்கோ."

சொல்லவில்லை. மாமியாரிடம் சொந்தக் குரலில் பேசத் தைரியமிருந்தால் நான் ஏன் அடுத்தவர் குரலில் பிழைக்கிறேன்?

பத்து நிமிடம் அமர்க்களமாகப் போனது. முசிறி பஸ் கண்டக்டராக மாறி, "படியில நிக்காதீங்க, நகருங்க, நகருங்க," என்று கத்தினேன்.

"நீங்கதான் நகரணும், மாப்ளே," என்றது போர்வைக்குப் பின்னாலிருந்து ஒரு குரல்.

லேப்டாப் திரையில் என் தலைக்குமேல் ஒரு மூங்கில் குச்சி மெதுவாக நீண்டுகொண்டிருந்தது.

"மாமி, லைவ்ல இருக்கேன்," என்றேன் உதடு அசையாமல்.

"இருங்கோ, யார் வேண்டாம்னா. பெருமாளுக்குத் தளிகை பண்ணணும். புடவையை எடுத்துண்டு போயிடறேன்."

குச்சி புடவையை இழுத்தது. கூடவே போர்வையும் வந்து என் தலையில் விழுந்தது. அப்போதாவது உட்கார்ந்திருக்கலாம். எழுந்தேன். பேசினோடு எழுந்தேன். லேப்டாப்பைப் பிடிப்பதா, துண்டைப் பிடிப்பதா என்று யோசிப்பதற்குள் தண்ணீரோடு தண்ணீராக நானும் கூடத்தில் பரவினேன். (துண்டைத்தான் பிடித்தேன். பெருமாள் சத்தியம்.)

தப்பித்த லேப்டாப்புக்குள், கையில் குச்சியோடு மாமியார் எட்டிப் பார்த்தார். "யாராவது இருக்கேளா? கொஞ்சம் பொறுத்துக்கோங்கோ. எழுந்துண்டுடுவார்."

சங்கம் மறுநாளே எழுதியது: மாதாமாதம் சம்மதம், குச்சி அம்மாவும் வர வேண்டும்.

மாமியார் மறுத்துவிட்டார். அதனால் நானே கையில் ஒரு குச்சியோடு அவர் குரலில் செய்கிறேன். கைதட்டல் அதற்குத்தான் அதிகம். ஒவ்வொரு மாதமும் நிகழ்ச்சி முடிந்ததும் சமையலறையிலிருந்து தீர்ப்பு வரும்:

"குரல் சரியா இருக்கு, மாப்ளே. குச்சி பிடிக்கத்தான் இன்னும் வரலை."