அங்கிளிடம் பெயர் கேட்பது எப்படி?

வயதில் மூத்தவரிடம் நேருக்கு நேரே பெயர் கேட்கிற துணிவு எனக்குக் கிடையாது. வளர்த்த வளர்ப்பு அப்படி. கலியாண வீட்டில் யாரைக் கண்டாலும் "அங்கிள், சுகமா இருக்கிறியளோ?" என்று சமாளித்துவிட்டு, காருக்குள் ஏறிய பிறகுதான் கணவரிடம் "ஆரப்பா அது?" என்று கேட்பேன்.

இந்தச் சீரில்தான், கனடாவில், ஸ்காபரோவில் ஒரு முதியோர் இல்லத்தில் மருந்து கொடுக்கும் பயிற்சிக்குப் போனேன். அதுவரை பார்த்த பராமரிப்பு வேலையில் ஆட்களைத் தூக்கிப் புரட்டியே என் முதுகு போய்விட்டது. சோதனையில் தேறினால் மருந்து வண்டி தள்ளலாம். தேறாவிட்டால் வேலையே இல்லை.

பயிற்சி தந்த தாதி சுகந்தி அக்கா முதல் நாளே சொன்னார்: "ஆளின்ர வாயாலை பேரைச் சொல்ல வையுங்கோ. நீங்கள் சொல்லிக் குடுக்கக் கூடாது. பிறகு கைப்பட்டியிலை பேரைப் பாருங்கோ." நான் தலையை ஆட்டு ஆட்டென்று ஆட்டினேன். (அதில் நான் கெட்டிக்காரி.)

சோதனையன்று வெளியே பனி, எனக்கோ வியர்வை. கந்தையா என்பவருக்குச் சீனி வருத்தக் குளிசை, அதாவது நீரிழிவு மாத்திரை, கொடுக்க வேண்டும். யன்னலோரம் ஒரு அங்கிள் தனியே இருந்தார். பெயர் கேட்க வாய் வரவில்லை.

"கந்தையா அங்கிள்தானே?"

"ஓம் பிள்ளை."

அவருடைய சுவெற்றர் கையை உயர்த்திப் பட்டியைப் பார்ப்பது மரியாதைக் குறைவாகப் பட்டது. விட்டுவிட்டேன். குளிசை உதட்டுக்குப் போகும்போது சுகந்தி அக்கா பாய்ந்து பறித்தார்.

"உவர் கந்தையா இல்லை! உவருக்குச் சீனி வருத்தமே இல்லை. காலமை சாப்பிடவும் இல்லை. உந்தக் குளிசையை விழுங்கியிருந்தால் ஆள் தப்பாது!"

எனக்குக் கோபம் வந்தது. (என்மேல் அல்ல, வெட்கக்கேடு, அந்த மனிதர்மேல்.)

"ஏன் அங்கிள் ஓம் எண்டு சொன்னியள்?"

அவர் குனிந்துகொண்டார். "தமிழ்ப் பிள்ளை ஒண்டு கிட்ட வந்து கதைக்குது. இல்லையெண்டு சொன்னால் போயிடுவாய் எல்லோ?"

வண்டியைப் பிடித்துக்கொண்டு, எல்லோருக்கும் முன்னால் அழுதேன்.

இன்னொரு தடவை சோதனைக்கு விட்டார்கள்; அந்த இரண்டாம் முறைதான் தேறினேன். அதற்குள் யன்னலோரக் கதிரை வெறுமையாகிவிட்டது. நடராசா என்ற அவர் பெயரை அவரிடமே கேட்க எனக்குக் கொடுத்துவைக்கவில்லை.

இப்போதும் வீட்டில் நான் தேத்தண்ணி கொண்டுபோனால், கணவர் மணிக்கட்டை நீட்டித் தகப்பன் பெயரோடு தன் முழுப்பெயரையும் ஒப்புவிப்பார். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். ஆனால் கோப்பையை வைத்துவிட்டு முன்னைப்போல உடனே எழும்பிப் போவதில்லை. குடித்து முடிக்கும் வரை பக்கத்தில் இருப்பேன்.