வீட்டில் மட்டும் எடுக்கும் வண்டி

"செல்ஃப் எடுக்கலய்யா!" என்று குழாய்க்காரர் நடுத்தெருவில் நின்று போனில் கத்தினார்.

"காலையில எடுத்துச்சாண்ணே?" என்றார் மெக்கானிக்.

"வீட்டுல அமுக்கினா சிங்கம் மாதிரி எடுக்குது. குழாய் வேலை முடிச்சு வெளிய வந்தா செத்த பாம்பா கிடக்குது. தினம் யாரையாவது தள்ளச் சொல்லித்தான் வீடு வந்து சேர்றேன்."

முப்பத்தெட்டு வருஷத்து மோட்டார் சைக்கிள். இரும்பென்றால் அதுதான் இரும்பு. அவருக்கு முழங்காலில் ஆபரேஷன் ஆனதும் டாக்டர் சொல்லிவிட்டார்: "இனி ஒரு தடவை வண்டியை உதைச்சாலும் திரும்ப என்கிட்டதான் வருவீங்க. தினம் காலையில அரை மணி நேரம் நடங்க, போதும்."

விற்க மனசு வரவில்லை. பட்டன் வைத்த செல்ஃப் மோட்டாரைப் பொருத்தினார். பழைய வண்டிக்கு செல்ஃப் வைப்பது கிழவனுக்குப் பல்செட் வைக்கிற மாதிரி. சிரிக்க ஆகும், கடிக்க ஆகாது.

மெக்கானிக் பெரிய பேட்டரி போட்டார். அது பெட்டிக்குள் அடங்கவில்லை, பெட்டியை அறுத்தார். ஒயர் தாங்காமல் உருகியது. தடி ஒயர் போட்டார். மோட்டார் வெறிகொண்டு சுற்றி, பல்சக்கரத்தில் ரெண்டு பல் போச்சு. புதுச் சக்கரம் மாட்டினார்.

"ஆறிப்போன இன்ஜினைச் சுத்த இந்த மோட்டாருக்குத் திராணி பத்தலண்ணே."

"ராத்திரி பூரா ஆறித்தானே கிடக்கு? காலையில எப்படிய்யா எடுக்குது?"

மெக்கானிக் தலையைச் சொறிந்தார். படித்த டாக்டரானால் இதற்கும் ஒரு பெயர் சொல்லியிருப்பார்.

குழாய்க்காரருக்குக் காரணம் தெரியும். வண்டிக்கு வீட்டின் மேல் பாசம். நடந்துவிட்டு வந்ததும் இன்ஜினைத் தொட்டுப் பார்ப்பார். கன்றுக்குட்டி வயிறு மாதிரி வெதுவெதுவென்று இருக்கும்.

"பாருடி, எனக்காகவே காத்துக்கிட்டிருக்கு!"

"ஆமா, ஆமா," என்பாள் மனைவி, வலது கணுக்காலில் தைலம் தேய்த்தபடி.

"வீட்டுலயே இருக்கறவளுக்குக் கால்ல என்னடி வலி?"

"வயசாகுதில்ல."

அவள் ஒரு வாரம் தங்கச்சி வீட்டுக்குப் போனாள். அன்றிலிருந்து வண்டி வீட்டிலும் எடுக்கவில்லை. பட்டனை அமுக்கி அமுக்கிக் கட்டைவிரல் வீங்கியதுதான் மிச்சம். குழாயைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் போனார். கண்டக்டர் குழாய்க்கும் டிக்கெட் கேட்டார். நாலாம் நாள் மனசு உடைந்து, வண்டித் தரகரை ஞாயிற்றுக்கிழமை காலை வரச் சொல்லிவிட்டார்.

சனிக்கிழமை சாயங்காலம் மனைவி திரும்பினாள்.

"நாளைக்கு வண்டி போகுதுடி," என்றார்.

அவள் பையைக் கீழே வைத்தாள். "போனா போகட்டும். நீங்க காலையில நடக்கறதை மட்டும் விட்டுடாதீங்க."

ஞாயிற்றுக்கிழமை அவர் நடந்து முடித்து வந்தபோது தரகர் வாசலில் நின்றார்.

"கடைசியா ஒரு தடவை," என்று பட்டனை அமுக்கினார் குழாய்க்காரர்.

டப்... டப்... டப்டப்டப்! ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

"விக்கிறதா இல்ல! போய்யா வேலையைப் பாத்துக்கிட்டு!" என்று தரகரை விரட்டினார். கையோடு மெக்கானிக்குக்குப் போன் போட்டார். "உன் கைக்குத் தங்க மோதிரம்தான்யா போடணும்! என்னா மோட்டாரு!"

அந்த நேரம் பால் கேனோடு உள்ளே வந்த பால்காரம்மா அவர் மனைவியைப் பார்த்துச் சிரித்தாள்.

"என்னக்கா, ஒரு வாரம் ஊருக்குப் போயும் கால் பழக்கம் விட்டுப்போகலையே! எதிர்வீட்டுக்குப் பால் ஊத்தறப்போ பாத்தேன், அண்ணன் தெருமுனை தாண்டினதும் ரெண்டே உதையில கிளப்பிட்டீங்களே!"