தலைக்கு ஓரணா

வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்குள் தேவதாசனின் வலது கட்டைவிரல் கருணைக்கிழங்கு போல வீங்கிவிட்டது. மூன்று கங்காணிகளின் பட்டியல் இன்னும் பாக்கி. வாசலில் நாலாவது கங்காணி சங்கரபாண்டியன் வெற்றிலையைக் குதப்பிக்கொண்டு நின்றார்.

"நாப்பது ஆளுதான் ரைட்டரே. ஒரு இழுப்பு இழுத்துட்டா முடிஞ்சுச்சு."

"இழுக்கது மூட்டை இல்ல அண்ணாச்சி, பேனா."

"மூட்டை தூக்குதவன் இம்புட்டு முனகமாட்டான்வே."

உலகச் சண்டை முடிந்து தூத்துக்குடிக்குக் கப்பல்கள் திரும்பி வர ஆரம்பித்திருந்தன. மூட்டை சுமக்க ஆள்பிடித்துக் கொடுப்பது கங்காணிகளின் பிழைப்பு. யாருக்கு எத்தனை நாள், எவ்வளவு கூலி என்று பட்டியல் எழுதி, சனிக்கிழமை காலையில் சரக்குக் கிட்டங்கிக் கதவில் ஒட்டினால்தான் கம்பெனி கங்காணியிடம் பணப்பையை அவிழ்க்கும். கங்காணிகளுக்குக் கைநாட்டைத் தாண்டி எழுத்து கிடையாது. அதனால் அந்தத் தலைவலி நாசரேத்தில் எட்டாவது தேறிய தேவதாசன் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. தலைக்குக் காலணா. இதற்காக அவன் தன் ஆபீசில் வயிற்றுவலி சொல்லி அரைநாள் லீவு போடுவது இது மூன்றாவது வாரம்.

விரலுக்கு வேப்பெண்ணெய் தடவிக்கொண்டே மனைவி ஜெபசெல்வி யோசனை சொன்னாள். "விலைய ஏத்துங்க. பாதிப் பேரு ஓடிருவான்."

"ஓடிட்டா?"

"விரலாவது மிஞ்சும்."

அரையணா என்றான். அடுத்த வாரம் நாலு கங்காணி ஒன்பதானார்கள். உப்பளத்து அய்யாக்குட்டிக் கங்காணி தன் மச்சினனையும் இழுத்துக்கொண்டு வந்தார்.

"அரையணா கேக்காருன்னா ரைட்டர்கிட்ட சரக்கு இருக்குலே!"

முந்நூற்றறுபது பெயர். பேனா ஓடியது, பறந்தது, கடைசியில் தவழ்ந்தது. 'இசக்கியம்மாள்' என்பதற்கு 'இ' போட்டு ஒரு கோடு இழுத்தான். கூலிக்கு இரண்டு சுழி. அடியில் மொத்தத் தொகையை மட்டும் சிவப்பு மையில் நிறுத்தி எழுதினான். கம்பெனிக் கேஷியர் பார்ப்பது அந்த ஒன்றைத்தான்.

'இனி ஒரு பயலும் வரமாட்டான்' என்று ஓரணா ஆக்கினான். பதினாலு பேர் வந்தார்கள். ஒரே வாரத்தில் முப்பத்தைந்து ரூபாய்! ஆபீசில் மாதம் முழுக்க நாற்காலியைத் தேய்த்தால் நாற்பத்தைந்து.

"ஏளா, வேலையோட மதிப்பு தெரிஞ்ச ஊருளா இது!" என்றான். திங்கட்கிழமை மேனேஜரிடம் போய், "என் நாற்காலிய மூட்டைப்பூச்சிக்கே எழுதிவச்சிருங்க" என்று சொல்லி, ராஜினாமாவை நீட்டிவிட்டு வந்தான்.

அந்த வெள்ளிக்கிழமை விரல் மடங்கவே மறுத்துவிட்டது.

"தள்ளுங்க," என்று பேனாவை வாங்கினாள் ஜெபசெல்வி. கல்யாணத்துக்கு முன்னால் அவள் டீச்சர். பக்கத்து வீட்டு ஞானபாயையும் கூட உட்கார வைத்துக்கொண்டாள். பதினாலு பட்டியலும் முத்து முத்தாக இறங்கின. தேவதாசனுக்கே பெருமை தாங்கவில்லை. கதவில் ஒட்டக் கொடுக்கும்போது, "அடுத்த வாரமும் இதே எழுத்துதான். விலை கூடாது," என்றான் தாராளமாக.

சனிக்கிழமை சாயங்காலம் கங்காணிகள் மொத்தமாக வந்தார்கள். சங்கரபாண்டியனின் சட்டையில் ஒரு கை இல்லை. அய்யாக்குட்டியின் கன்னத்தில் ஐந்து விரலும் தெளிவாகப் பதிந்திருந்தன.

"உம்ம சங்காத்தமே வேண்டாம்வே!" என்றார் சங்கரபாண்டியன்.

"பட்டியல்ல பிழையா அண்ணாச்சி?"

"பிழை இருந்தா நான் ஏன்வே வாரேன்?"

தேவதாசன் அவர் கையைப் பிடித்துக்கொண்டான். ஆபீஸ் நாற்காலியும் போய்விட்டது. "முக்காலணா? சரி, அரையணா. காலணாவே போதும்!"

"சும்மா எழுதினாலும் வேண்டாம். மேலூர்ல கைநடுக்கத்தோட ஒரு கிழவர் இருக்காராம். அவருகிட்ட போறோம்."

"கைநடுக்கம் உள்ளவரா? அவருக்கு எவ்வளவு?"

"தலைக்கு ரெண்டணா!"

தேவதாசன் வாசற்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டான். தன் எட்டாவது வகுப்பு ஒரு கிழவனின் நடுக்கத்திடம் தோற்றதை அவனால் தாங்க முடியவில்லை.

அவர்கள் போன திசையிலிருந்து சுமைக்காரி இசக்கியம்மாள் வந்தாள். தலையில் சும்மாடு, கையில் ஓலைக்கொட்டானில் வாளைக் கருவாடு.

"எனக்கா இசக்கி?"

"உங்களுக்கு என்னத்துக்கு? பட்டியல் எழுதுன யம்மாவுக்கு. கதவுல ஒட்டுனத எம்மவ எழுத்துக்கூட்டி வாசிச்சுட்டால்லா. எனக்கு ஆறு ரூவான்னு இருக்கு. கங்காணி இம்புட்டு நாளும் கையில வச்சது நாலு."

"நானும் ஆறுன்னுதானே எழுதினேன்!"

கொட்டானை ஜெபசெல்வியிடம் நீட்டிக்கொண்டே இசக்கியம்மாள் அவனை இரக்கத்தோடு பார்த்தாள்.

"எழுதுனீக ரைட்டரய்யா. உங்க எழுத்த எவனாலயும் வாசிக்க முடியாதுன்னுதான அவனுவ தலைக்கு ஓரணா குடுத்தானுவ."