ஒரு குளமும் நான்கு அட்டைகளும்

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

வணக்கம். இங்கே எல்லோரும் நலம். அம்மாவும் நலம்தான், ஆனால் உங்கள்மேல் கோபமாக இருக்கிறார்.

ஊரிலுள்ள மேடு, பள்ளம், வாய்க்கால், பாறை எல்லாவற்றின் பெயரையும் கேட்டு எழுதச் சொல்லி உங்கள் நில அளவை அலுவலகத்திலிருந்து அட்டைக்கட்டு அனுப்பினீர்கள் அல்லவா? “ஒரு பெயருக்கு ஓர் அட்டை. நீயாக எதையும் கூட்டாதே, குறைக்காதே” என்று எழுதியிருந்தீர்கள். அப்படியே செய்தேன். எங்கள் தெருவுக்குப் பின்னால் இருக்கும் குளத்தைப் பால்காரர் எருமைக்குட்டை என்றார், தையல்கார அக்கா தாமரைக்குளம் என்றார் (அதில் தாமரையை நான் பார்த்ததில்லை), ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் ஆழங்காணான் என்றார், வெயில் காலத்தில் வற்றிவிடுவதால் அப்பா கோடைப்பள்ளம் என்றார். நான்கு பெயர், நான்கு அட்டை. இப்போது, குழாய் கேட்டு அம்மா போட்டிருந்த மனுவுக்குக் குடிநீர் அலுவலகத்திலிருந்து பதில் வந்திருக்கிறது: “தங்கள் தெருவைச் சுற்றி நான்கு நீர்நிலைகள் பதிவாகியுள்ளதால் குழாய் இணைப்பு அவசியமில்லை.” பெரிய சாலையிலிருந்து தினமும் எட்டுக் குடம் சுமக்கும் அம்மா அதைப் படித்துவிட்டு, “உன் சித்தப்பாவ வந்து குளத்துக்கு ரெண்டு குடமா மொண்டு தரச் சொல்லு” என்றார்.

அட்டையை ரத்து செய்யப் பெயர் சொன்னவரே கையெழுத்துப் போட வேண்டுமாம். போனேன். பால்காரர், “என் எருமைங்க தாமரைக்குளத்துல படுக்குதுன்னா சொல்றது? கேக்கவே கூச்சமா இருக்கும்மா” என்றார். தையல்கார அக்கா, “தங்கச்சி கல்யாண விளம்பரத்துல தாமரைக்குளத்துக்குப் பக்கத்து வீடுன்னு போட்டாச்சுடி. எருமைக்குட்டைன்னு போட்டா எவன் பொண்ணு பாக்க வருவான்?” என்றார். டிரைவரோ, “ஆழங்காணான்ல விழுந்து பொழைச்சவன் நான். கோடைப்பள்ளத்துல விழுந்தேன்னு சொன்னா ஊரே சிரிக்கும்” என்று கதவைச் சாத்திக்கொண்டார். அப்பாவாவது கையெழுத்துப் போடுவார் என்று நினைத்தேன். “மத்த மூணு பேரும் போடட்டும். உண்மையான பேரு என்னோடதுதானே?” என்கிறார். அம்மா இரண்டு நாளாக அவரோடு பேசவில்லை.

சித்தப்பா, விதிப்படி நான் செய்தது சரி. ஆனால் விளைவு தவறாக இருக்கிறது. சரியாகச் செய்து தவறாவது எப்படி என்று எவ்வளவு யோசித்தும் விளங்கவில்லை. தயவுசெய்து ஓர் அதிகாரியை அனுப்புங்கள். நேரில் பார்த்தால் ஒரு குளம்தான் என்று யாருக்கும் ஒரு நிமிடத்தில் புரிந்துவிடும். சித்திக்கு என் வணக்கம். தம்பிக்கு முத்தம்.

இப்படிக்கு,
உங்கள் அண்ணன் மகள்

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டுவதற்குள் அதிகாரியே வந்துவிட்டார், அதனால் மேலே கேட்டது வேண்டாம். பெயர் சொன்னவர்தான் இடத்தைக் காட்ட வேண்டும் என்று என்னை ஒதுக்கிவிட்டார். பால்காரர் சேற்றுப் பாதையில் அழைத்துப் போனார், அக்கா பின்தோட்டம் வழியாக, டிரைவர் பாறைப் பக்கமாக, அப்பா கரைமேல். “நான்கும் நேரில் கண்டேன்” என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டார். திரும்பும்போது வழி தவறிப்போய் அரைமணி நேரம் கழித்து மூச்சு வாங்க வந்து, என்னிடம் ஒரு வெற்று அட்டையை நீட்டினார்: “அந்தப் பக்கம் இன்னொரு குளம் இருக்கும்மா. அதை விட்டுட்டியே!”