ஒரு சாண் உயரத்தில் அடித்த ஆணி

முதலில் மன்னிப்பு. என் கையெழுத்து ஈர மணலில் நண்டு ஓடிய தடம் மாதிரி இருக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன். சின்ன ரவும் பெரிய றவும் இன்றுவரை என்னிடம் இடம் மாறித்தான் உட்காரும். படிப்பவர்கள் பொறுத்துக்கொண்டு திருத்திப் படிக்கவும்.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். நான் கூச்சக்காரன். கூச்சக்காரனால் யாருக்கும் தொந்தரவில்லை என்று உலகம் நம்புகிறது. தெரியாத வேலையைச் செய்யச் சொன்னால் மற்றவர்கள் "எனக்குத் தெரியாதுங்க" என்று சொல்லிவிடுவார்கள். கூச்சக்காரனுக்கு அதைச் சொல்ல வாய் வராது. தலையாட்டிவிடுவான். நான் ஆட்டினேன். அதனால் ஒரு குடும்பமே ஆட்டம் கண்டது.

அப்போது எண்பதுகளின் கடைசி. மரக்காணத்துப் பக்கம் காசிம் பாய் குத்தகைக்கு எடுத்திருந்த உப்பளத்தில் எனக்கு வேலை. கூனிமேட்டில் அவருக்கு ஒரு மளிகைக்கடையும், கடையை ஒட்டிப் பின்னால் வீடும் இருந்தன. கடையில் ஒரு கறுப்பு போன். பாயின் தம்பி சலீம் துபாயில் இருந்தார். மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்மா தொழுகை முடிந்த நேரத்தில் கூப்பிடுவார். பாயின் அம்மா கடைக்கு வந்து, மகனோடு ஊர் முழுக்கக் கேட்கும்படி பேசுவார். சலீமின் மனைவி நூர்ஜஹானுக்குக் கடைசியில்தான் முறை வரும். கடை நிறைய ஆண்கள். பின்கதவோரம் நின்று, "நல்லா இருக்கேன், பாப்பாவும் நல்லா இருக்குது" என்று அவர் சொல்வதற்குள் லைன் போய்விடும். அந்தப் பாப்பா சலீம் கிளம்பிப் போன பிறகு பிறந்தது.

அந்த வருஷம் சலீமின் ஒப்பந்தம் முடிகிற நேரம். மறுபடி கையெழுத்துப் போடுவதா, ஊருக்கு வருவதா என்று வீட்டைக் கேட்டுச் சொல்ல வேண்டும். மாடி காங்கிரீட் போடும்வரை மகன் அங்கேயே இருக்கட்டும் என்பது அம்மாவின் முடிவு. நூர்ஜஹானை யாரும் கேட்கவில்லை.

அதற்கு முந்தின மாதம் சலீம் கூப்பிட்டபோது கடை போன் செத்துக் கிடந்தது. உப்புக்காற்றில் எங்கள் பக்கம் சைக்கிளே துருப்பிடித்து உதிரும், போன் ஒயர் எம்மாத்திரம்! இந்த முறை அப்படி ஆகக்கூடாது என்று பாய் என்னைக் கூப்பிட்டார்.

"ஏம்பா ஏழுமலை, சலீம் அனுப்பின செவப்பு போன் ஷோகேஸ்ல சும்மாதான கெடக்குது? கம்பத்துலேர்ந்து வீட்டுக்குத் தனியா ஒரு ஒயர் இழுத்துடு. கடை லைன் போச்சுன்னா அது தானா எடுத்துக்கணும். உனக்குத்தான் லைன் வேலை தெரியுமே?"

(தெரிந்தது இவ்வளவுதான்: கம்பம் நட வந்தவர்களுக்குக் குழி தோண்டிக் கொடுத்திருக்கிறேன்.) தலையாட்டினேன்.

கம்பத்தில் கடை ஒயர் சேரும் அதே முடிச்சில் புது ஒயரையும் முறுக்கினேன். ஆனால் "தானா எடுத்துக்கணும்" என்றாரே, அதை எப்படிச் செய்வது? அங்கேதான் என் உப்பள மூளை வேலை செய்தது. உப்பளத்தில் பாத்திக்குத் தண்ணீர் விட இரண்டு வாய்க்கால் வைப்போம். இரண்டாவதின் வாயை ஒரு சாண் உயர்த்தி வெட்டுவோம். முதல் வாய்க்கால் சரியாக இருக்கும்வரை அதில் சொட்டுத் தண்ணீர் போகாது. முதலாவது அடைத்துக்கொண்டால் தண்ணீர் மேலே ஏறி, தானாக இரண்டாவதில் பாயும். இதைவிட வேறென்ன வேண்டும்? கடையும் வீடும் சேரும் சுவரில், கடை ஒயர் வந்த ஆணிக்கு ஒரு சாண் மேலே இன்னொரு ஆணி அடித்து, வீட்டு ஒயரை அதன் வழியாகக் கொண்டுபோனேன். பேச்சும் தாழ்வான வழியில்தானே ஓடும்?

சோதித்தும் பார்த்தேன். கடை ஒயரைக் கழற்றிவிட்டுச் சிவப்பு போனை எடுத்தால் 'ங்ஙொய்' என்று சத்தம் வந்தது. பாய் மகிழ்ந்துபோய் டீயும் சமோசாவும் வாங்கிக் கொடுத்தார். கடை ஒயரைத் திரும்ப மாட்டினேன். இரண்டும் சேர்ந்து இருந்தால் என்ன ஆகும் என்று பார்க்கவேண்டும் என்று தோன்றவே இல்லை. சமோசா சூடாக இருந்தது.

நூர்ஜஹான் வாசலில் நின்று கேட்டார். "ஏழுமலைண்ணே, இது எப்ப அடிக்கும்?"

"கடை லைன் செத்தாதாங்க இது அடிக்கும். அங்க யாருக்கும் ஒண்ணும் கேக்காது. நீங்க எடுத்துப் பேசுங்க."

ஒரு பெண்ணிடம் அதுவரை நான் பேசியதிலேயே நீளமான பேச்சு அது. ஒன்றுகூட உண்மையில்லை.

வெள்ளிக்கிழமை வந்தது. தொழுகை முடிந்து கடை நிறைந்திருந்தது. அம்மா நாற்காலியில் தயாராக இருந்தார். கறுப்பு போன் அடித்தது. அப்பாடா என்று நான் மூச்சுவிடுவதற்குள் வீட்டுக்குள்ளிருந்து 'கீச் கீச்' என்று சிவப்பு போனும் கத்தியது. பிறகு சட்டென்று நின்றது. யாரோ எடுத்துவிட்டார்கள் என்று எனக்குப் புரிந்தது.

"சலீமு! நல்லா இருக்கியா? கேளு, மாடி போடற வரைக்கும் வராத. கையெழுத்துப் போட்டுடு..." அம்மா நிறுத்தினார். முகம் மாறியது. "யாருடா அது? பக்கத்துல ஒரு பொம்பள பேசறா!"

வெல்லம் நிறுத்துக்கொண்டிருந்த பாய் தராசைக் கீழே வைத்தார்.

"'வந்துடுங்க'ன்னு சொல்றாடா! எங்கடா வரச் சொல்றா உன்ன? அழுவுறா வேற! யா அல்லா! இவ்ளோ நாளும் அங்க ஒருத்திய வெச்சிக்கிட்டா இருந்த?"

இரண்டு போனும் ஒன்றாக எடுத்ததில் குரல் மெலிந்து, சொந்த மருமகளின் குரலே அம்மாவுக்கு அடையாளம் தெரியவில்லை. அந்தப் பக்கம் நூர்ஜஹானுக்கும் அதே கதிதான். யாரோ ஒரு கிழவி யாரையோ திட்டுகிறாள், லைன் கலந்த கிராஸ் டாக் என்று நினைத்து (அப்போதெல்லாம் அது சகஜம்) இன்னும் சத்தமாகப் பேசியிருக்கிறார். பின்கதவருகே நின்ற எனக்கு மட்டும் இரண்டு குரலும் நேராகக் கேட்டன.

"என்னங்க, இங்க யாருக்கும் கேக்காது, அதான் சொல்றேன். மாடியெல்லாம் வேணாம். பாப்பா உங்க போட்டோவத்தான் 'அத்தா, அத்தா'ன்னு கூப்பிடுது. வந்துடுங்க."

நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். கடை நிறைய ஆள். வாய் வரவில்லை. ஓடிப்போய்க் கம்பத்தில் ஏறி, வீட்டு ஒயரைப் பிடித்து இழுத்தேன். இரண்டும் ஒரே முடிச்சு அல்லவா? முடிச்சோடு இரண்டும் கையில் வந்தன. எல்லா லைனும் அமைதி.

நான் இறங்கி வந்தபோது அம்மா மாரில் அடித்துக்கொண்டிருந்தார். பின்கதவில் நூர்ஜஹான் வந்து நின்றார். கண் நிறையத் தண்ணீர், முகம் நிறையச் சிரிப்பு.

"மாமி, அவரு வர்றேன்னுட்டாரு!"

"எவ கூட?" என்றார் அம்மா.

பாய்க்கு அப்போதுதான் புரிந்தது. மெதுவாக என் பக்கம் திரும்பினார். "ஏம்பா, ரெண்டும் ஒண்ணா அடிச்சுதா?"

"ஒரு சாண் ஒசத்திதான் பாய் அடிச்சேன் ஆணிய..."

"ஆணிய எதுக்குய்யா ஒசத்தின?"

வாய்க்கால் கணக்கைச் சொன்னேன். பாய் வெல்லப் பானைமேல் சாய்ந்து சிரிக்க ஆரம்பித்தார். கடையே சிரித்தது. சிரிக்காதவர்கள் அம்மாவும் நானும்தான்.

சலீம் நிஜமாகவே வந்துவிட்டார். தாய் திட்ட, மனைவி அழ, நடுவில் லைன் செத்தால் எந்த மனுஷன் உட்கார்ந்து கையெழுத்துப் போடுவான்? டாக்சி வாசலில் நின்றதும் அம்மா முதலில் உள்ளே குனிந்து, வேறு யாராவது உட்கார்ந்திருக்கிறார்களா என்று பார்த்தார். அப்புறம்தான் மகனைக் கட்டிக்கொண்டார். பாப்பா போட்டோவையும் ஆளையும் மாறி மாறிப் பார்த்தது. கடைசியில் போட்டோவிடமே போய்விட்டது. சமாதானமாக ஒரு வாரம் ஆனது. சலீம் திரும்பிப் போகவே இல்லை. அண்ணனோடு கடையைப் பார்த்துக்கொண்டார்.

இன்றும் அந்த வீட்டில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினால், "ஏழுமலை லைன் போட்டாச்சு" என்பார்கள். அந்தப் பாப்பா ஷமீமா இப்போது சென்னையில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறது. போன மாதம் வந்தபோது சொன்னது:

"ஏழுமலை மாமா, எங்க ஆபீஸ்ல நான் பண்றதும் உங்க வேலைதான். ஒரு சர்வருக்கு ரெண்டு லைன் குடுப்போம். ஒண்ணு போனா இன்னொண்ணு எடுத்துக்கும்."

"தானாவா?"

"தானாத்தான். ஆனா மொத லைன் நெசமா செத்துச்சான்னு பாத்துட்டுத்தான் எடுக்கும். நீங்க அத விட்டுட்டீங்க." பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டது. "விட்டதும் நல்லதுக்குத்தான். எழுதிக் குடுங்க மாமா, ஆபீஸ்ல சொன்னா யாரும் நம்ப மாட்டேங்குறாங்க."

வழக்கம்போலத் தலையாட்டிவிட்டேன். மழை பிடித்துக்கொண்டதால் உப்பளத்தில் வேலை இல்லை. அதனால் உட்கார்ந்து எழுதினேன். நேற்று, ஒரு சாண்தானா என்ற சந்தேகத்துக்காக அந்த வீட்டுக்குப் போய்ச் சுவரைப் பார்த்தேன். கீழ் ஆணி துருப்பிடித்து உதிர்ந்துவிட்டது. ஒரு சாண் மேலே நான் அடித்த ஆணி அப்படியே இருக்கிறது. அதில் சலீமின் சட்டை தொங்கிக்கொண்டிருந்தது.

எழுதி முடித்தது: 2017 நவம்பர் 5, ஞாயிற்றுக்கிழமை.